நனையாத பை யாருக்காக?

மலையேற்றம் பற்றிப் பேசத் தொடங்கும் எவரும் இன்று முதலில் கேட்கும் கேள்வி, 'எந்தப் பை வாங்கலாம்?' என்பதுதான். எந்த மலை, எந்தப் பருவம், எத்தனை நாள், உடன் வருவோர் யார் என்பனவெல்லாம் அதற்குப் பின்னால் வருகின்றன. சில சமயம் வராமலே போய்விடுகின்றன. பை எடை குறைந்ததாக இருக்க வேண்டும், நீர் புகாததாக இருக்க வேண்டும் என்ற இரண்டு நிபந்தனைகளும் ஆகம விதிகளைப் போல ஒப்பிக்கப்படுகின்றன. நான் தமிழ் படித்தவன். ஒரு கல்லூரியில் தமிழ் கற்பிப்பவன். பைகளைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று வாசகர் கேட்கலாம். எங்கள் கல்லூரி இயற்கை மன்றத்தின் பொறுப்பாசிரியனாக ஆறு ஆண்டுகளாக மாணவர்களை மலைக்கு அழைத்துப் போய்வருகிறேன் என்பது ஒரு தகுதி. அதைவிடப் பெரிய தகுதி, இந்தப் பை விஷயத்தில் நானே ஒரு தவறு செய்திருக்கிறேன் என்பது. அதைச் சொல்லாமல் வாதத்தைத் தொடங்குவது நேர்மையாகாது.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு டிசம்பரில் மேற்குத் தொடர்ச்சி மலையில் இரண்டு நாள் நடைக்கு ஏற்பாடாகியிருந்தது. முகாமை நடத்தவிருந்த அமைப்பு, மாணவர்கள் கொண்டுவர வேண்டிய பொருள்களின் பட்டியல் ஒன்றை அனுப்பியது. அதன் முதல் வரியே, 50 லிட்டர் கொள்ளளவுள்ள, எடை குறைந்த, நீர் புகாத முதுகுப்பை கட்டாயம் என்றது. பை இல்லாதவர்கள் அனுமதிக்கப்பட மாட்டார்கள் என்று அடியில் கோடிட்டும் இருந்தது. அந்தப் பட்டியலில் நான் கையெழுத்திட்டு அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். பெயர் கொடுத்திருந்தவர்கள் 34 பேர். ஒரே வாரத்தில் 9 பேர் விலகிக்கொண்டார்கள்.

அவர்களில் ஒருவன் வரலாறு இரண்டாம் ஆண்டு மாணவன். வால்பாறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்தவன். அவனுடைய அம்மா கொழுந்து பறிப்பவர். "காய்ச்சலுங்கய்யா, இந்தத் தடவை வர முடியாதுங்க" என்றான். நான் உடம்பைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தேன். அவன் நகரத்துக் கடை ஒன்றில் பையின் விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பிய செய்தி, அவனுடைய அறைத்தோழன் வழியாக எனக்கு வந்து சேர்ந்தபோது நாங்கள் மலையிலிருந்து இறங்கிவிட்டிருந்தோம். பள்ளியில் அரசு கொடுத்த விலையில்லாப் புத்தகப்பையையே அவன் கல்லூரிக்கும் சுமந்துகொண்டிருந்தான் என்பதை அதன் பிறகுதான் கவனித்தேன்.

தமிழ்நாட்டில் மிக அதிகமாக மழை பெறும் இடங்களில் ஒன்றான சின்னக்கல்லாறு அந்த வால்பாறைப் பகுதியில்தான் இருக்கிறது. அந்த மழையில் பிறந்து வளர்ந்த பிள்ளையை, மழைக்குத் தகுந்த பை உன்னிடம் இல்லை என்று சொல்லி நாங்கள் சமவெளியிலேயே விட்டுவிட்டுப் போனோம். இந்தக் கட்டுரை அந்த ஒரு வரியின் மீதான என் மறுப்பு.

*

முதலில் 'நீர் புகாத' என்ற அடைமொழியை எடுத்துக்கொள்வோம். சொல்லை நம்பிப் பிழைப்பவன் என்ற முறையில், இந்த அளவுக்குப் பொருளிழந்து விற்கப்படும் சொல் வேறொன்றை நான் அறியேன்.

துணி நீரைத் தடுக்கும் திறனுக்கு ஓர் அளவு உண்டு. துணியை இழுத்துப் பிடித்து அதன்மேல் நீர்த்தூண் ஒன்றை உயர்த்திக்கொண்டே போவார்கள். எத்தனை மில்லிமீட்டர் உயரத்தில் மறுபுறம் துளி கசிகிறதோ அதுவே அந்தத் துணியின் அளவு. 1500 மில்லிமீட்டர், 3000 மில்லிமீட்டர் என்று அட்டையில் அச்சிடப்படுவது இதுதான். சோதிக்கப்பட்டது துணித்துண்டு, அதுவும் புதிய துண்டு. நாம் வாங்குவதோ தைத்த பை. தையல் என்றால் ஊசி போன வழியெல்லாம் துளை. அந்தத் துளைகளை உட்புறம் ஒரு நாடா ஒட்டி மறைக்கிறார்கள். மறைக்காத பைகளே மிகுதி. ஒட்டிய நாடாவும் நாளடைவில் உரிந்துவிடும். இதற்கப்பால் ஜிப் இருக்கிறது, வாயைச் சுருக்கும் கயிற்றின் இடைவெளி இருக்கிறது, தோள்பட்டைகள் பையோடு சேரும் மூலைகள் இருக்கின்றன. கோட்டைச் சுவர் எவ்வளவு உயரமானால் என்ன, நான்கு வாசலும் திறந்து கிடந்தால்?

இரண்டாவதாக, அந்தத் துணிக்கு நீர் தடுக்கும் குணத்தைத் தருவது பெரும்பாலும் உட்புறம் பூசப்படும் பாலியூரித்தேன் என்னும் பூச்சு. வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்தால் அந்தப் பூச்சு சிதைகிறது. முதலில் பிசுபிசுக்கும், பிறகு ஒரு புளித்த வாடை வரும், கடைசியில் செதில் செதிலாக உதிரும். பரணில் போட்டு வைத்த பழைய பையையோ ரெயின்கோட்டையோ இரண்டு கோடை கழித்து எடுத்துப் பார்த்த எந்தத் தமிழ்க் குடும்பத்துக்கும் இந்தக் காட்சி புதிதன்று. குளிர்நாட்டு அலமாரியில் பல ஆண்டு தாங்கும் பொருள் நம் ஊர்ப் பரணில் அத்தனை ஆண்டு தாங்குவதில்லை. சிலிக்கான் பூசிய நைலானுக்கு இந்தச் சிக்கல் குறைவு. ஆனால் அதன்மேல் தையல் நாடா எளிதில் ஒட்டாது என்பதால் வாசல் பிரச்சினை அப்படியே நிற்கிறது.

சரி, மேலே மழையுறை போட்டுக்கொள்ளலாமே என்பார்கள். போட்டுக்கொண்டவன் நான். மூன்று மாதச் சேமிப்பில் வாங்கிய என் பைக்கு அழகான மழையுறையும் உண்டு. அந்த டிசம்பர் நடையில் பிற்பகல் இரண்டு மணிக்குப் பிடித்த மழை மாலை வரை விடவில்லை. மழையுறை பையின் வெளிப்புறத்தை மூடுகிறது. முதுகோடு ஒட்டியிருக்கும் பகுதியை மூட அதனால் முடியாது. கழுத்தில் விழுந்த நீர் முதுகு வழியே வழிந்து அந்தத் திறந்த பக்கத்தின் வழியாக உள்ளே இறங்கியது. இறங்கிய நீர் வெளியேற வழியின்றி உறையின் அடியிலேயே குளமாகத் தேங்கியது. முகாமில் பையைத் திறந்தபோது என் மாற்றுடை, போர்வை, குறிப்பேடு எல்லாம் ஊறிக் கிடந்தன. என்னைப் போலவே பட்டியலுக்குக் கீழ்ப்படிந்து பை வாங்கியிருந்த மாணவர்கள் பலருக்கும் அன்றிரவு அதே கதைதான்.

ஒரே ஒரு மாணவியின் உடைகள் மட்டும் துளியும் நனையவில்லை. அவளுடைய பை அக்காவிடம் இரவல் வாங்கிய சாதாரணப் பை. அவளுடைய அப்பா மளிகைக் கடை வைத்திருக்கிறார். சர்க்கரை மூட்டைக்குள் வரும் தடித்த பாலிதீன் உறை ஒன்றைக் கழுவிக் காயவைத்து, அதைப் பைக்குள் விரித்து, அதற்குள் உடைகளையும் போர்வையையும் வைத்து, வாயை முறுக்கி மடித்துக் கொடுத்தனுப்பியிருந்தார். தையல் இல்லை, ஜிப் இல்லை, துளை இல்லை. பை நனைந்தது, பைக்குள் இருந்தது நனையவில்லை. நீரை எங்கே நிறுத்த வேண்டும் என்பது அந்த மளிகைக் கடைக்காரருக்குத் தெரிந்திருந்தது. நெடுந்தொலைவு நடப்பதையே வாழ்க்கையாகக் கொண்ட உலகத்து நடையாளர்கள் பலரும் கடைப்பிடிக்கும் முறை இதுவே என்பதைப் பிறகு படித்தறிந்தேன். பை நனையட்டும், உள்ளுறை காக்கட்டும் என்பதே அவர்கள் கொள்கை.

ஓர் எச்சரிக்கையும் இங்கே வேண்டும். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019 சனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது. காட்டுக்குள் பிளாஸ்டிக் கிடந்தால் மானும் யானையும் அதைத் தின்னும். ஆகவே உள்ளுறை என்பது தடித்ததாக, பல ஆண்டு உழைப்பதாக, போன கணக்கிலேயே திரும்பி வருவதாக இருக்க வேண்டும். இதைக்கூடக் காக்க இயலாதவர் மலைக்குப் போகாமலிருப்பது மலைக்கு நல்லது.

*

அடுத்தது எடை.

எடை குறைந்த பை வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் எடை குறைப்பு என்னும் சிந்தனை எங்கிருந்து வந்தது, இன்று எங்கே போய் நிற்கிறது என்று பார்க்க வேண்டும்.

அமெரிக்காவின் அப்பலாச்சியன் பாதை ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர் நீளமுள்ள மலைவழி. 1955-ஆம் ஆண்டு எம்மா கேட்வுட் என்ற 67 வயதுப் பெண்மணி அதைத் தனியொருவராக ஒரே பருவத்தில் நடந்து முடித்தார். பெண்களில் அவ்வாறு செய்த முதல்வர் அவரே. பதினொரு பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவர். அவர் தோளில் கிடந்தது, முரட்டுப் பருத்தித் துணியில் தாமே தைத்துக்கொண்ட ஒற்றைப் பை. காலில் சாதாரணக் கான்வாஸ் செருப்பணி. மழைக்கு, குளியலறையில் தொங்கவிடும் பிளாஸ்டிக் திரை ஒன்று. 1957-இல் அதே பாதையை அவர் மறுபடியும் முழுமையாக நடந்தார். பின்னாளில் ரே ஜார்டின் என்ற மலையேறி, 1992-இல் வெளிவந்த தம் நடைக் கையேட்டின் வழியாகச் சுமை குறைப்பை ஓர் இயக்கமாகவே ஆக்கினார். அவரும் பையைத் தாமே தைத்தவர். வாசகர்களையும் தைக்கச் சொன்னவர். வேண்டாதவற்றை விட்டுவிட்டுப் போ என்பதுதான் அந்த இயக்கத்தின் சாரம்.

விட்டுவிடு என்று தொடங்கிய ஒன்றை வாங்கு என்று மாற்றியது சந்தையின் சாமர்த்தியம். பாய்மரக் கப்பல்களின் பாய்க்காக உருவாக்கப்பட்ட மிக மெல்லிய கலப்புத் துணியில் இன்று முதுகுப்பைகள் தைக்கப்படுகின்றன. அவற்றின் எடை அரைக் கிலோவைச் சுற்றியிருக்கும். விலையோ ஒரு கௌரவ விரிவுரையாளரின் மாதச் சம்பளத்தை விழுங்கிவிடும். வழக்கமான 60 லிட்டர்ப் பை ஒன்று வெறுமையாகவே இரண்டு கிலோ இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் கணக்கை முழுதாகப் போட்டுப் பாருங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. வழியில் நீர் எங்கே கிடைக்கும் என்று தெரியாதவன் மூன்று லிட்டர் சுமப்பான். தெரிந்தவன் ஒரு லிட்டரோடு நடப்பான். பல்லாயிரம் ரூபாய் கொடுத்துப் பையில் குறைக்கும் எடையை, ஓர் ஓடையின் இருப்பிடத்தை அறிந்தவர் காசின்றிக் குறைத்துவிடுகிறார். கூடுதலாக ஒரு ஜீன்ஸ், இரண்டாவது ஜோடிச் செருப்பு, குளியல் பொருள்களின் ஒரு முழுக் கடை, மின்னூட்டுக் கருவிகள் என்று அடைத்துக்கொண்டு, பையின் எடையைக் கிராம் கணக்கில் ஒப்பிடுவது, முழுச் சாப்பாட்டுக்குப் பிறகு சர்க்கரை இல்லாக் காபி கேட்பதைப் போன்றது.

இன்னொன்றும் உண்டு. பெரிய பை பெரிய சுமையை வரவழைக்கும். இடம் இருக்கிறதே என்பதற்காகவே பொருள் சேரும். வீட்டு அலமாரிக்கும் இது பொருந்தும், பைக்கும் பொருந்தும். இரண்டு நாள் நடைக்கு 50 லிட்டர் எதற்கு என்று அந்த முகாம் அமைப்பை நான் கேட்டிருக்க வேண்டும். சமையலும் கூடாரமும் அவர்கள் பொறுப்பு. மாணவன் சுமக்க வேண்டியது ஒரு மாற்றுடை, போர்வை, தண்ணீர், மழைச்சட்டை, மருந்து, டார்ச், கொஞ்சம் தின்பண்டம். இவை 25 லிட்டர்ப் பையில் அடங்கும். பள்ளிப் புத்தகப்பையிலும் அடங்கும்.

அந்தப் புத்தகப்பையை ஏளனமாகப் பார்ப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். குழந்தைகள் முதுகில் ஏற்றப்படும் புத்தகச் சுமையைப் பற்றி எழுத்தாளர் ஆர்.கே. நாராயண் 1989-இல் மாநிலங்களவையில் பேசினார். பையின் எடை மாணவரின் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் பள்ளிப்பைக் கொள்கை கூறுகிறது. இத்தனைக்கும் பிறகு ஐந்தாறு கிலோவைச் சுமந்து பள்ளிக்கு நடந்த பிள்ளையிடம், உன் பை சுமை தாங்காது என்று சொல்ல நமக்கு வாய் எப்படி வருகிறது?

*

'தோட்கோப்பு' என்றொரு சொல் நாலடியாரில் வருகிறது. வழிக்கு வேண்டிய உணவு. தோளில் கோத்துக்கொண்டு போவது என்பதால் அந்தப் பெயர். பையைக் குறிக்கும் சொல்லாகத் தோன்றினாலும் அது உண்மையில் பைக்குள் இருப்பதைக் குறிக்கிறது. சுமப்பதன் பயன் எதுவோ அதற்குப் பெயர் வைத்தார்கள். நாமோ கொள்கலத்துக்குப் பெயரும் முத்திரையும் வைத்துக் கொண்டாடுகிறோம்.

பழம்பெருமை பேச இதை எழுதவில்லை. மலைநடைக்கான வழிகாட்டி ஒன்று எவற்றைச் சொல்ல வேண்டும் என்பதற்கு நம்மிடம் ஓர் அளவுகோல் இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன். பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம் 583 அடிகளைக் கொண்டது. கூத்தராற்றுப்படை என்பது அதன் மற்றொரு பெயர். நன்னனைக் காணப் போகும் கூத்தர்களுக்கு மலைவழியைச் சொல்லும் நூல் அது. தொடக்கத்தில் பைகள் வருகின்றன. இசைக்கருவிகளை இட்ட அந்தப் பைக்குக் 'கலப்பை' என்று பெயர். பலாமரத்துக் காய்க்கொத்துகளைப் போல, கனம் ஒத்திருக்கும்படி அவற்றைக் கட்டித் தூக்கிப் போகிறார்கள். எடையைச் சமமாகப் பகிர்ந்து கட்டு என்ற ஒன்றைத் தவிரப் பையைப் பற்றிச் சொல்ல அந்தப் புலவருக்கு வேறொன்றும் இல்லை. அதன் பிறகு நூல் முழுதும் வழிதான். பன்றிக்கு வைத்த பொறிகள் இருக்கும் பகுதியை விடிந்த பிறகு கடந்து போங்கள். பாம்பு உறையும் குழிகளைப் பார்த்து நடங்கள். தினைப்புனம் காப்போர் யானை விரட்ட எறியும் கவண்கல் வரும், மரத்தின் பின்னே மறைந்து செல்லுங்கள். பாசி படர்ந்து வழுக்கும் நீர்க்கரைகளில் பிடித்துக்கொண்டு இறங்குங்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போகிறது.

அதில் ஓர் இடம் என்னை எப்போதும் வியக்க வைப்பது. மலைவாழ் குறவரே திகைக்கும் இடத்தில் வழி தப்பிவிட்டால் மேற்கொண்டு நடக்காதீர்கள். அகன்ற பாறை ஒன்றில் கூடியிருந்து உங்கள் கருவிகளை இசையுங்கள். ஓசை கேட்டுக் கானவர் வந்து உதவுவார்கள் என்கிறது. வழி தப்பினால் நட, நில் என்ற இரண்டில் எதைச் செய்ய வேண்டும் என்பது இன்றைய மீட்புப் பயிற்சிகளிலும் முதற்பாடம். நில், ஒலி எழுப்பு, அந்த நிலத்து மக்களை நம்பு. எங்கள் முகாமின் பட்டியலில் 22 பொருள்கள் இருந்தன. வழி தப்பினால் என்ன செய்வது என்று ஒரு வரிகூட இல்லை. ஊதல் ஒன்று பத்து ரூபாய். அதுவும் பட்டியலில் இல்லை.

இது வெறும் இலக்கிய மனக்குறை அன்று. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் மூண்ட காட்டுத்தீயில், மலையேறச் சென்றவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அவர்கள் முதுகில் எந்தப் பை இருந்தது என்பது அன்றைக்கு ஒரு பொருட்டே இல்லை. கோடையில் காய்ந்து நிற்கும் புல், சரிவில் மேல்நோக்கி ஓடும் நெருப்பின் வேகம், திரும்பி இறங்கும் வழி, போகலாமா கூடாதா என்ற அனுமதி ஆகியவையே பொருட்டாக இருந்தன. அந்த ஆண்டிலேயே அரசு மலையேற்றத்துக்கு விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில் 40 வழித்தடங்களோடு அரசின் மலையேற்றத் திட்டமும் தொடங்கப்பட்டது. விதி வந்தது, வழிகாட்டி வந்தார். பயணத்துக்குப் புறப்படுவோரின் கவலையோ இன்னும் பையிலேயே நிற்கிறது. விற்பனைக்குரிய பொருள் கவலையை எளிதில் ஈர்த்துக்கொள்ளும்; பருவம் அறிதலையும் காற்று அறிதலையும் எந்தக் கடையும் விற்க முடியாது.

மலையை நேசிப்பவர்கள் கேட்டுக்கொள்ள வேண்டிய இன்னொரு செய்தியும் இருக்கிறது. துணியின்மேல் நீர் முத்து முத்தாக உருண்டோட வைக்கும் பூச்சுகளில் நெடுங்காலமாகப் பயன்பட்டவை, ஃப்ளூரின் கலந்த ஒருவகை வேதிப்பொருள்கள். இயற்கையில் இவை எளிதில் சிதைவதே இல்லை. மனித நடமாட்டம் அரிதான மலைகளின் பனியிலும் ஏரிகளிலும் இவை இருப்பதை கிரீன்பீஸ் அமைப்பு 2015-இல் மாதிரி எடுத்துக் காட்டியது. கலிபோர்னியா மாநிலம் 2025 சனவரி முதல் துணிகளில் இவற்றைத் தடை செய்தது. பிரான்சு 2026 சனவரி முதல் ஆடைகளில் தடை செய்தது. மலைமேல் நாம் நனையாமல் இருப்பதற்காக, மலையின் தண்ணீரைக் கெடுத்திருக்கிறோம். பை வாங்குவோர் இந்தப் பூச்சு இல்லாத துணியா என்று கேட்டு வாங்குவது குறைந்தபட்சக் கடமை.

*

எதிர்வாதங்கள் எனக்குத் தெரியாதவை அல்ல.

'பாதுகாப்பில் சமரசம் கூடாது. நனைந்தவன் குளிரில் விறைத்துப் போவான்' என்பார்கள். முற்றிலும் உண்மை. இரண்டாயிரம் மீட்டர் உயரத்தில் காற்றும் மழையும் சேர்ந்தால் நம் ஊர் மலையிலும் உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்கு இறங்கும். அதனால்தான் சொல்கிறேன்: உலர்ந்த மாற்றுடை ஒன்றும் உலர்ந்த போர்வை ஒன்றும் எந்நிலையிலும் இருக்க வேண்டும். அதை உறுதி செய்வது உள்ளுறை. பட்டியலில் கட்டாயம் என்று எழுத வேண்டியது உலர்ந்த உடையைத்தான். அதைக் காக்கும் வழியை அவரவர் கைக்கு எட்டியதிலிருந்து தேர்ந்துகொள்ளட்டும்.

'அப்படியானால் நல்ல பையே தேவையில்லையா?' என்பார்கள். தேவை, எப்போது என்பதுதான் கேள்வி. சுமை பன்னிரண்டு கிலோவைத் தாண்டுமானால் உள்ளே சட்டகமும் இடுப்புப் பட்டையும் உள்ள பை வேண்டும்; பாரம் தோளிலிருந்து இடுப்புக்கு இறங்க வேண்டும். அப்போதும் முதலில் பார்க்க வேண்டியது லிட்டர்க் கணக்கை அன்று, முதுகின் அளவை. தலையைக் குனிந்தால் கழுத்தின் அடியில் துருத்தும் எலும்பிலிருந்து, இடுப்பெலும்பின் மேல்விளிம்புக் கோடு வரை அளந்துகொள்ள வேண்டும். அந்த அளவுக்குப் பொருந்தாத பை எவ்வளவு இலேசானதாக இருந்தாலும் கனக்கும். பொருந்திய பை சற்றுக் கனமானதாக இருந்தாலும் நடக்கவிடும். கடைக்குப் போவோர் வெறும் பையை மாட்டிக் கண்ணாடியில் பார்க்காமல், ஏழெட்டுக் கிலோவை உள்ளே வைத்துப் பத்து நிமிடம் நடந்து பார்க்கட்டும். பணமும் தேவையும் உள்ளவர் வாங்குவதில் எனக்கு எந்த மனக்கசப்பும் இல்லை. என் எதிர்ப்பு, வாங்க இயலாதவரை வாசலில் நிறுத்தும் அந்தக் 'கட்டாயம்' என்ற சொல்லின் மீது.

'கல்லூரியே சில பைகளை வாங்கி ஏழை மாணவர்களுக்கு இரவல் தரலாமே' என்று நண்பர் ஒருவர் பரிவோடு சொன்னார். தரலாம். ஆனால் தேவையற்ற ஒன்றைத் தேவை என்று அறிவித்துவிட்டு, பிறகு அதை இல்லாதவருக்குக் கருணையோடு வழங்குவதில் ஒரு கோணல் இருக்கிறது. மழையில் வேலை செய்வது எப்படி என்று அந்த மாணவனின் அம்மாவுக்குத் தெரியும். தலையிலும் இடுப்பிலும் பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக்கொண்டு, கொழுந்துச் சுமையோடு வழுக்கும் சரிவில் ஏறி இறங்குகிறவர் அவர். நம் சமவெளிக் கிராமங்களிலும் சாக்கின் ஒரு மூலையை மறு மூலைக்குள் செருகிக் கொங்காணி போட்டுக்கொண்டு மழையில் களையெடுத்த தலைமுறை இன்னும் இருக்கிறது. இவர்களிடம் கேட்டறிய வேண்டியது இருக்க, இவர்கள் பிள்ளைக்கு மழையை நாம் கற்பிக்கப் போனோம்.

*

அடுத்த ஆண்டு நடைக்கான பட்டியலை நான் எழுதவில்லை. அப்போது மூன்றாம் ஆண்டில் இருந்த அந்த மாணவனிடமும் மளிகைக் கடைக்காரர் மகளிடமும் கொடுத்துவிட்டேன். அவர்கள் எழுதிக் கொடுத்ததில் ஒன்பது வரிகளே இருந்தன. 'தோளில் மாட்டக்கூடிய ஏதேனும் ஒரு பை. உள்ளே தடித்த உறை. உறையைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும்' என்பது முதல் வரி. ஊதல் இரண்டாம் வரியில் இருந்தது. அந்த முறை விலகியவர் யாருமில்லை.

இரண்டாம் நாள் காலையில் ஓர் ஓடையைக் கடக்க வேண்டியிருந்தது. கணுக்காலளவு நீர்தான். எங்கள் தலைக்குமேல் வெயில். முன்னால் போய்க்கொண்டிருந்த அவன் நின்று, நீரைக் கையில் அள்ளிப் பார்த்தான். "ஐயா, தண்ணி கலங்கி வருதுங்க. மேல மழைங்க. இப்ப இறங்க வேண்டாம்" என்றான். உடன் வந்த வனத்துறை வழிகாட்டியும் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். நாங்கள் இக்கரையிலேயே உட்கார்ந்தோம். அரைமணி நேரம்கூட ஆகியிருக்காது. நாங்கள் கால்வைக்க இருந்த பாறைகள் அனைத்தும் செந்நிற வெள்ளத்துக்கடியில் போய்விட்டன. அது வடிந்து நாங்கள் கடந்தபோது பிற்பகலாகியிருந்தது.

அக்கரை சேர்ந்ததும் மாணவர்களைத் தலை எண்ணினேன். 36 பேர். அரசு கொடுத்த புத்தகப்பையோடு அவன் எனக்கு முன்னால் ஏறிக்கொண்டிருந்தான். அதன் ஜிப் பழுதாகி ஓர் ஊக்கு குத்தியிருந்தது. முந்தைய ஆண்டு அறிவிப்புப் பலகையில் நான் ஒட்டிய தாளில் இருந்த என் கையெழுத்து அப்போது நினைவுக்கு வந்தது. கல்லூரிகளிலும் பள்ளிகளிலும் இன்று அப்படிப்பட்ட தாள்களில் கையெழுத்திட்டுக்கொண்டிருக்கும் என் சக ஆசிரியர்களை ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். முதல் வரியை இன்னொரு முறை படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.